அடுத்தது நான்

காலையிலிருந்தே சலூன்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவருடைய சனத்து ஆள் யாரோ பக்கத்து ஊரில் வேறு சனத்தான் ஒருவனின் கழுத்தை அறுத்துவிட்டதாக எல்லோர் போனிலும் ஒரு புரளி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை, பரப்பாதவரும் இல்லை. ஷட்டரை இறக்கிவிட்டு மனைவி பிள்ளைகளோடு எங்காவது ஓடிவிடலாம் என்று எழுந்தபோதுதான் லாரிக்காரர் வந்து நாற்காலியில் சாய்ந்தார். வேறு சனம், ஆனால் பல வருட வாடிக்கை. போகச் சொல்ல வாய் வரவில்லை.

பாதித் தாடி எடுத்திருந்தபோது தெருமுனையில் கூச்சல் கேட்டது. கத்தி வைத்த கழுத்தை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. சலூன்காரர் திரும்பிப் பார்த்துவிட்டார். வெள்ளைத் துணியில் ரத்தம் சொட்டியது.

அந்த நேரம் பார்த்தா கும்பல் வாசலுக்கு வர வேண்டும்! தடியோடு முன்னால் நின்றவன் கத்தியையும் ரத்தத்தையும் பார்த்தான்.

"பாருங்கடா! நாம சொன்னது பொய்யா?"

"நான்தான் தும்மினேன்," என்றார் லாரிக்காரர். பச்சைப் பொய். "என் கழுத்து, என் ரத்தம். உனக்கு எங்க வலிக்குது?" மறுபடி சாய்ந்து கழுத்தை நன்றாக நீட்டினார்.

எதிர் மருந்துக்கடை அக்கா கையில் பஞ்சோடு தடிக்காரனை இடித்துக்கொண்டே உள்ளே நுழைந்தாள். பின்னாலேயே பக்கத்து டயர்கடைக்காரர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அடுத்தது நான்."

"காலையிலதானே ஷேவ் பண்ணீங்க?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டார் சலூன்காரர். பயத்தில் புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது.

அக்கா தடிக்காரன் பக்கம் திரும்பினாள். "போன வாரம் உன் கழுத்துலயும் இவருதானே கத்தி வச்சாரு?"

அவன் கை தானாகக் கழுத்துக்குப் போனது. பின்னால் நின்றவர்களில் பாதிப் பேர் இங்கே முடி வெட்டிக்கொள்கிறவர்கள், அவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவன் ஒரு கெட்ட வார்த்தையைத் துப்பிவிட்டு நகர, கும்பலும் நகர்ந்தது. திருந்தியெல்லாம் போகவில்லை, அடுத்த தெருவுக்குத்தான் போனது.

"அங்க தையல்காரர் தனியா இருப்பாரு," என்றார் சலூன்காரர். தையல்காரரும் அவருடைய சனம்தான். வீட்டுக்கு ஓட இதை விட்டால் நேரம் கிடையாது என்று மனம் அரித்தது.

லாரிக்காரர் பாதி முகத்தில் நுரையோடு எழுந்துவிட்டார். "சந்து வழியா போனா முந்திக்கலாம். எனக்கு ஒரு சட்டை தைக்கணும்."

"எனக்கும் துணி கிடக்கு," என்றாள் அக்கா.

சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்தார். கால் வெடவெடவென்று நடுங்கியது.

"நானும் அளவு கொடுக்கணும்," என்று சொல்லிவிட்டு, அந்தக் காலோடே அவர்களுக்கு முன்னால் ஓடினார்.