வேறொருவர் திறந்திருக்கும் வரைபடம்

1

பிற்பகல் மூன்று மணிக்கு அக்கா தன் மடிக்கணினியோடு என் வீட்டுக்கு வந்தாள். இந்தக் கதை அப்படித்தான் கிடைத்தது. நான் தேடிப் போகவில்லை.

“நாள் முழுக்க இதைத்தானே தட்டிக்கிட்டிருக்கே. ஒரே ஒரு ஃபைலை அழிச்சுக் கொடு.”

“அதுக்கு ஒரு தம்பி வேணுமாக்கும்?”

“அழுத்தித்தான் பாரேன்.”

அழுத்தினேன். வேறொருவர் திறந்து வைத்திருப்பதால் இந்தக் கோப்பை அழிக்க முடியாது என்றது திரை.

2

(முதலில் எழுதிய தொடக்கம்: “கட்டுவதற்கு முன்பே இடிந்துபோகிற வீடுகளில்தான்” — நிறுத்திவிட்டேன். அழகாக இருந்தது. அதனால்தான்.)

அக்காவும் அத்தானும் வீடுகளுக்கு வரைபடம் போடுகிறவர்கள். ஊரார் வீட்டையெல்லாம் சண்டையில்லாமல் வரைந்தார்கள். தங்களுக்கென்று ஒன்று வரைந்தபோது சண்டை வந்தது. அத்தான் தனியே அறை எடுத்துப் போனார். இருவர் கணினியிலும் திறக்கிற பொதுக் கோப்புறை வழியாக அலுவலக வேலை மட்டும் நடந்தது. அந்த வீட்டு வரைபடமும் அதில்தான் இருந்தது. பேச்சு இல்லை.

அக்கா தினமும் அந்த வரைபடத்தைத் திறந்து பார்த்தாள். இன்று அழித்துவிட்டு, பிரிவதற்குச் சம்மதம் என்று சொல்லிவிடத் தீர்மானித்திருந்தாள்.

3

கோப்பின் மேல் விழுந்திருந்த பூட்டுக் குறிக்குப் பக்கத்தில், திறந்தவரின் பெயர் இருந்தது. (எழுத மாட்டேன். அத்தான் என்றால் போதும்.)

“திறந்துட்டு மூட மறந்திருப்பாரு. அவரு குழாயையே மூடமாட்டாரு.”

உண்மைதான். எனக்கும் இந்தக் கதாபாத்திரத்தின் மேல் நம்பிக்கை இல்லை. மறதிக்காரரை ஏங்குகிறவராக எழுதுவது எழுத்தாளர்கள் வழக்கமாகச் செய்யும் மோசடி.

(அக்கா இதைப் படித்துவிட்டுச் சொன்னது: “அவரை நான் திட்டலாம். நீ யாருடா?”)

4

முடிவு ஒன்று: கணினிக் கோளாறு. பூட்டு விலகியது, கோப்பும் போனது. அக்கா வெளியே வந்து ஆழமாக மூச்சு — வேண்டாம்.

முடிவு இரண்டு: அழைப்பு மணி ஒலித்தது. வாசலில் அத்தான் — அதைவிட மோசம்.

நடந்ததைச் சொல்கிறேன். அழிக்கத்தான் முடியாது, பார்க்கலாம். திறந்தோம். முதலில் வரைந்தபோது வேலையறையில் அவர் தனக்கு மட்டும் மேசை போட்டிருந்தார். சண்டை தொடங்கியது அங்கேதான். இப்போது அதே அறையில் இரண்டு மேசைகள் எதிரெதிரே இருந்தன.

அக்கா திரையை விரலால் தட்டினாள்.

“கதவு திறந்தா மேசையில இடிக்கும். இத்தனை வருஷம் இந்தத் தொழில்ல இருக்காரு!”

மூடிவிட்டு மறுபடி திறந்தோம். இரண்டாவது மேசை கொஞ்சம் நகர்ந்திருந்தது. மறுபடி திறந்தோம். நாற்காலி ஒன்று வந்திருந்தது. மறந்து போனவர் நாற்காலி போடமாட்டார்.

“இன்னும் இடிக்குதுடா” என்றாள் அக்கா. குரல் மாறியிருந்தது.

5

எழுதுகிறவன் இங்கே ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொல்லி எல்லாவற்றையும் கெடுக்கலாம். நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். அத்தானின் பதிலை எழுதும் உரிமை எனக்கில்லை. உங்களுக்கு இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அடுப்படியிலிருந்து எனக்குக் கேட்டது அக்காவின் குரல் மட்டும்தான்.

“ஹலோ. நான்தான். அந்த ரெண்டாவது மேசையை ஜன்னல் பக்கமா இன்னும் ஒரு அடி தள்ளுங்க… என்ன, லைன்ல இருக்கீங்களா?”