ஒரு கப் கூடுதல்

நகம் உள்ளே இறங்கியது. பூச்சுக்காரன் கட்டைவிரலை எடுத்துப் பார்த்தான். படகின் அடிப்பக்கத்தில் விரிசலை மூடிப் போட்ட ஒட்டில், மேலே பூசிய நீலப் பெயின்ட்டோடு சேர்ந்து ஒரு பிறை பதிந்திருந்தது. மூன்று நாள் வெயில் குடித்த எபாக்ஸிப் பசை, தட்டினால் கிண்ணென்று இருக்க வேண்டும். இது மெழுகு மாதிரி அமுங்கியது.

"மேஸ்திரி, இத யாரு கலந்தது?"

"நான்தான். நீ ஃபைபர் பாய் வெட்டப் போனவன் ஆடி அசைஞ்சு வர்றதுக்குள்ள முடிச்சுட்டேன். இப்ப என்ன அதுக்கு?"

"ஹார்ட்னர் எவ்வளவு விட்டீங்க?"

"சீக்கிரம் இறுகட்டும்னு ஒரு கப் கூட விட்டேன். நீ பொறக்கறதுக்கு முந்தியே ரெசின் கலந்தவன்டா நான்."

அதுதான் வினை. மேஸ்திரியின் கை பழகியது பழைய பாலியஸ்டர் ரெசினில். அதில் இறுக்கும் மருந்தைக் கொஞ்சம் தூக்கலாக விட்டால் சட்டென்று இறுகும். எபாக்ஸியிடம் அந்தப் பாச்சா பலிக்காது. இந்த எபாக்ஸிக்கு இரண்டு பங்கு ரெசினுக்கு ஒரு பங்கு ஹார்ட்னர், அவ்வளவுதான். கூட ஊற்றியது ஜோடி கிடைக்காமல் உள்ளேயே பச்சையாகக் கிடக்கும். அந்த ஒட்டு ஆயுசுக்கும் இறுகாது. நாலு அலை அறைந்தால் பிளாஸ்திரி மாதிரி கழன்றுவிடும்.

படகு உருளைக் கட்டைகளின் மேல் நின்றது. மூன்று ஆட்கள் கயிற்றைப் பிடித்திருந்தார்கள். படகுக்காரன் இன்ஜின் போல்ட்டை முடுக்கிவிட்டு ஸ்பேனரோடு கீழே குதித்தான். அவன் பூச்சுக்காரனின் அக்கா புருஷன்.

"மாமா, தள்ளாதீங்க. ஒட்டு வேகல. பிரிச்சுட்டுப் புதுசாப் போடணும்."

"கேட்டீங்களாடா? என் மச்சானுக்கு என்மேல திடீர்னு பாசம் பொங்குது."

ஆட்கள் சிரித்தார்கள். போன வாரம்தான் பூச்சுக்காரன் அவன் வீட்டு வாசலில் நின்று, அக்கா மேல் இன்னொரு தடவை கை வைத்தால் உன் படகை இரண்டாகப் பிளப்பேன் என்று கத்தியிருந்தான். தெருவே கேட்டது. இனி அவன் வாயிலிருந்து எந்த உண்மை வந்தாலும் அது பழிவாங்கல்தான்.

பேசாமல் ஒதுங்கியிருக்கலாம். போகட்டும், மூழ்கட்டும், அக்காவுக்கு விடுதலை. எச்சில் துப்புகிற நேரம் அப்படியும் நினைத்தான். ஆனால் கயிற்றைப் பிடித்திருந்த மூன்று பேரும் ஏறப்போவது அதே படகில்தான்.

"தள்ளுங்கடா!"

பூச்சுக்காரன் சம்மட்டியை எடுத்தான்.

முதல் அடி சொத்தென்று விழுந்து கையை எதிர்த்துத் தள்ளியது. மேஸ்திரி அவன் இடுப்பில் உதைத்தான். இரண்டாவது அடிக்கு ஓங்கும்போது ஸ்பேனர் வலது தோளில் இறங்கியது. எலும்பு மளுக்கென்றது. சம்மட்டியை இடது கைக்கு மாற்றி அடித்தான். ஒட்டின் ஓரம் எழும்பியது. சம்மட்டியை வீசிவிட்டு, எழும்பிய இடத்தில் விரலை நுழைத்து இழுத்தான்.

"விடுடா! கைய எடுடா, நாயே!"

ஸ்பேனர் வாயில் விழுந்தது. இரண்டு பல் போயிற்று. அவன் விடவில்லை. ஆட்டுத்தோல் உரிவது போல ஒட்டு முழுசாக உரிந்து வந்தது. விரிசல் பழையபடி வாயைப் பிளந்தது. அதன் வழியே படகின் உட்பக்கம் தெரிந்தது.

உரித்ததை அக்கா புருஷனின் நெஞ்சில் அறைந்தான். அது அங்கேயே ஒட்டிக்கொண்டது.

அக்கா புருஷன் அதைப் பிய்த்தான். சட்டைக்கும் கைக்கும் நடுவில் நூல் நூலாக இழுபட்டது. அவன் மேஸ்திரி பக்கம் திரும்பினான்.

"தம்பி, நான் வேணும்னு..."

அதற்குள் மேஸ்திரியின் மூக்கு சப்பையாகிவிட்டது. "நாலு பேரக் கொல்லப் பாத்தியேடா!" விழுந்தவனை விலாவில் மிதித்தான். மூன்று ஆட்களும் சேர்ந்துதான் பிரிக்க முடிந்தது.

பூச்சுக்காரன் மண்ணில் உட்கார்ந்து ரத்தம் துப்பினான். அக்கா புருஷன் மூச்சு வாங்க எதிரே வந்து நின்றான்.

"முன்னாடியே பிரிச்சுக் காட்டித் தொலைச்சிருக்கலாம்ல?"

"காட்ட விட்டீங்களா?"

"சரி, எந்திரி. இந்த மூஞ்சியோட போனா உங்க அக்கா கேப்பாளே. என்னன்னு சொல்லுவ?"

"படியில விழுந்துட்டேன்னு சொல்றேன் மாமா. அவளும் எல்லார்கிட்டயும் அதத்தான சொல்றா."

ஆட்கள் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அக்கா புருஷன் ஸ்பேனரை இன்னும் கீழே போடவில்லை.