பத்தாயிரத்தொரு மொட்டு

ஏழால் வகுத்தால் ஐந்து மிஞ்சுகிறது, பதினொன்றால் இரண்டு, பதின்மூன்றால் நான்கு... அட, இந்த ரெங்கசாமி சொல்வது மெய்யாகவே இருந்துவிடுமோ, பெற்ற மகள் கல்யாணத்தில் எனக்கு இப்படியொரு சோதனையா. ரயில்வேயில் பெரிய கிராணியாக, தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர், வாய்க்கு மட்டும் ஓய்வு கொடுக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸில் எந்தக் கல்யாணமானாலும் தாலி கட்டுவதற்கு முன் அவர் பேசியாக வேண்டும், ஐயர் கொட்டாவி விட்டுக்கொண்டு காத்திருப்பார். இதோ, தாம் கொண்டுவந்த மாலையைத் தூக்கிப் பிடித்துச் சொல்லியும்விட்டார். "பத்தாயிரத்து ஒரு மல்லிகை மொட்டு. அந்த ஒண்ணு எதுக்கு? வெறும் பத்தாயிரத்த யாரும் வகுத்துடலாம். ஒண்ணு சேர்ந்துட்டா எந்தக் கொம்பனாலயும் வகுக்க முடியாது. மணமக்களும் அப்படி இருக்கணும்." கைதட்டல். மொட்டை யார் எண்ணினார்கள், அது கிடக்கட்டும், நூற்றொன்று வகுபடாது, சரி, ஆயிரத்தொன்று ஏழிலேயே உடைந்துபோகும், பத்தாயிரத்தொன்றும் உடைந்தாக வேண்டும், உடைந்தால் பந்தியில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பாயசம் வரும்போது சொல்வேன்... பதினேழு, ஐந்து மிச்சம். பத்தொன்பது, ஏழு மிச்சம்.

அந்தக் காலத்துச் சீதாலெட்சுமி இருந்தால்... இருக்கிறாள், பக்கத்தில்தான், அட்சதைத் தட்டோடு. ஆனால் ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் வேறு அல்லவா. கிள்ளானுக்குப் போகும் கூட்ஸ் வண்டி வரும், கடைசிப் பெட்டியின் எண்ணை, வண்டி வளைவில் மறைவதற்குள் வகுத்துச் சொல்ல வேண்டும், தோற்றவர் காப்பி போட வேண்டும், புது மனைவியோடு எனக்கு வாய்த்த ஒரே விளையாட்டு அது. நாலாயிரத்து நூற்று எண்பத்தேழு என்று நான் வாசித்து முடிப்பதற்குள், ஈரப் புடவையை உதறிக்கொண்டே, "அம்பத்துமூணால வகுத்தா எழுபத்தொம்போது," என்பாள். எத்தனை காப்பி போட்டிருப்பேன். பிறகு ரமணி பிறந்தாள், வீடு மாறினோம், எப்போது நின்றுபோனது அந்த விளையாட்டு, அவள் நிறுத்தினாளா, நானா... இப்போது எண் என்றால் அவளுக்குப் பந்திக்கு எத்தனை இலை என்பதுதான். முப்பத்தேழு, பதினொன்று மிச்சம்.

"ஏங்க, உதடு அசையுது. வகுக்கிறீங்களா?"

"முப்பத்தேழு வரைக்கும் வந்துட்டேன்."

"சும்மா அலையாம எழுபத்துமூணுக்குப் போங்க."

எழுபத்துமூன்று... நூற்று முப்பத்தேழு தடவை. மிச்சமில்லை. பாயசம் இப்போதே இனித்தது. "அதுக்குள்ள எப்படிடி?"

"அதுக்குள்ளயா? நம்ம கல்யாணத்துலயும் இவரு இதே மாலையத்தானே தூக்கிக் காட்டுனாரு. அன்னைக்கே பார்த்துட்டேன்."

"எங்கிட்ட சொல்லவேயில்லையே."

"நீங்க எங்க கேட்டீங்க?" என்று என் கையில் அட்சதையைத் திணித்துவிட்டு மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கெட்டிமேளம். ரமணி தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள், அன்றைக்கு அவள் அம்மா உட்கார்ந்திருந்த மாதிரியே, அந்தக் குனிவை நாணம் என்று எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்... ரெங்கசாமி பேசி முடித்ததும் எனக்கு ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்துவிட்டாரே, எழுபத்துமூன்று வரை போக அவளுக்கு நேரம் ஏது, நான் முடிச்சுப் போட்டபோது அவள் எந்த எண்ணில் இருந்திருப்பாள்...