கடவுள்மேல் போட்ட பழி

சமையலறைக் கூரையில் புகை அலாரம் வீறிட்டது. டாக்டர் புவனேசன் கையிலிருந்த பேப்பர்களைப் போட்டுவிட்டு ஓடிவந்து, நாற்காலியில் ஏறி, செய்தித்தாளால் விசிறினார். கீழே அவர் மனைவி பவளக்கொடி, கருகிய நெத்திலியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"கவனமெல்லாம் எங்கே இருக்கு உனக்கு?"

"உங்க கதையைக் கேட்டுக்கிட்டு நின்னேன்."

கதையில்லை அது. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய அமெரிக்க மரண விசாரணைப் பத்திரத்தின் நகல். பருத்தித் தோட்டத்தில் செத்துக் கிடந்த அடிமைச் சிறுமி ஹான்னா, வயது ஒன்பது. பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்து இருநூறு வருஷம் ஆனதென்று அந்த 2007இல் லண்டன் முழுக்கக் கூட்டங்கள். சனிக்கிழமை ஈஸ்ட் ஹாம் தமிழர் கூட்டத்தில் பேசப்போகிறவர் புவனேசன். முப்பத்தைந்து வருஷம் லண்டன் ஆஸ்பத்திரிகளில் உழைத்து ஓய்வு பெற்றவருக்கு இதுவரை ஒரு பொன்னாடை விழுந்ததில்லை. சனிக்கிழமை விழும்.

அலாரம் அடங்கியதும் விட்ட இடத்தில் தொடர்ந்தார்.

"முதுகெல்லாம் சவுக்குத் தழும்பு. டாக்டர் என்ன எழுதுறான்? 'மரணத்துக்குச் சம்பந்தமில்லை'ங்கிறான். ஜூரி பன்னிரண்டு பேரும் பக்கத்துத் தோட்ட முதலாளிங்க. சத்தியம் பண்ணிட்டுச் சொல்றானுங்க, கடவுள் செயலாம்."

"கடவுளைக் கூப்பிட்டு விசாரிச்சாங்களா?"

"கிண்டல் பண்ணாதே. அந்த டாக்டர் அன்னிக்கு முதலாளி வீட்டுலதான் சாப்பிட்டிருப்பான். அப்புறம் கை எப்படி உண்மையை எழுதும்?"

சொன்னது அவருக்கே பிடித்துப்போய், பேச்சுக் குறிப்பில் சேர்த்துக்கொண்டார்.

பவளக்கொடி நெத்திலியைப் புரட்டிப் போட்டாள். மலேசியாவில் ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் அவர் இளம் டாக்டர், அவள் டைப்பிஸ்ட். கல்யாணம் பிறகு. தோட்டத்துத் துரை கொடுத்த சிபாரிசுக் கடிதத்தோடு லண்டனுக்கு மேல்படிப்பு, அதற்கும் பிறகு.

போன் அடித்தது. கூட்டம் நடத்தும் யாழ்ப்பாணத்துச் செபமாலைமுத்து. புவனேசன் ஸ்பீக்கரில் போட்டார்.

"டொக்டர், ஒரு சின்ன விசயம். எங்கட சனத்திலயும் இப்பிடி ஒரு பிள்ளையின்ர கதை இருந்தால் சேர்த்துச் சொல்ல ஏலுமோ? சனம் அழும்."

"எங்க தோட்டங்கள்ல அதெல்லாம் இல்லை சார். வெள்ளைக்காரத் துரைதான், ஆனா சட்டம் இருந்துச்சு. டாக்டர் கையெழுத்து இல்லாம ஒரு பிணத்தைப் புதைக்க முடியாது. கையெழுத்துப் போட்டதே நான்தானே."

"அப்ப சரி. எங்கட ஆக்களில ஒண்டும் இல்லையெண்டு போடுறன்."

பவளக்கொடி அடுப்பை அணைத்தாள். போனுக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"தவநாயகியைச் சொல்லுங்களேன். நம்ம தோட்டத்துல புல்லுக்கு அடிக்கிற விஷ டின்னைச் சுமந்து, அது மேல ஒழுகிச் செத்த பத்து வயசுப் பிள்ளை. நீங்க 'வயித்துப்போக்கு'ன்னு சொல்லச் சொல்ல நான்தானே டைப் அடிச்சேன்? 'சீக்கிரம் அடி, துரை வீட்டுல சாப்பாட்டுக்கு நேரமாச்சு'ன்னீங்க."