அலுமாரித் திறப்பு

மயக்கம் என்று சொன்னால் அது பொய்யாகுமா? வீட்டில் எல்லோரும் அப்படித்தானே சொன்னார்கள். வலிப்பு என்ற சொல்லை அம்மா ஒருநாளும் வாயில் எடுத்ததில்லை.

யோகாம்பாள் கைபேசியைக் காதோடு பிடித்தபடி குசினி வாசலில் நின்றாள். உள்ளே மகள் நிருஜா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பேசியது சுவிஸிலிருந்து தம்பி வேதநாதன். அவனுடைய சின்ன மகள் பவதாரணி முதலில் வீட்டில் விழுந்தாள், இப்போது பள்ளிக்கூடத்திலும். குடும்பத்தில் யாருக்காவது வலிப்பு இருந்ததா என்று டொக்டர் கேட்க, இல்லை என்றிருக்கிறான். பிள்ளையின் மாமியான இவளிடமும் கேட்கவேண்டும் என்றாராம் டொக்டர். மொழிபெயர்ப்பவள் சற்று நேரத்தில் இணைப்பில் வருவாள். அவளும் இவர்களுடைய ஊர், வேலணைக்காரி. அதுதான் அவனுடைய பயம்.

"வெளியிலை சொல்லமாட்டன் எண்டு எழுதிக் குடுத்துப்போட்டுத்தான் அவ வேலை செய்யிறாவாம். ஆனா எங்கடை சனத்தை உங்களுக்குத் தெரியாதே, அக்கா? நான் இஞ்சை தும்மினால் வேலணையிலை நூறு எண்டுவினம். நிருஜாவின்ரை கலியாணப் பேச்சும் நடக்குது. மயக்கம் எண்டு சொல்லுங்கோ, காணும்."

நிருஜாவைப் பார்த்துப்போனவர்கள் இன்னும் முடிவு சொல்லவில்லை. வலிப்புக்காரியின் மகள் என்று தெரிந்தால் சொல்லவும் மாட்டார்கள். நிருஜாவுக்கே தெரியாது.

யோகாம்பாள் மணிக்கட்டுத் தழும்பைத் தடவினாள். சிறுவயதில் வலிப்பு வந்து அடுப்பின்மேல் விழுந்தது. கண் விழித்தபோது உள்ளங்கையில் அலுமாரித் திறப்பு, அந்தப் பெரிய இரும்புச் சாவி, இருந்தது. இரும்பைப் பிடித்தால் நிற்கும் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் அதை எடுக்க ஓடியவன் வேதநாதன்தான். நிற்கவில்லை. குமரான பிறகு, யாருக்கும் தெரியாமல், ஆஸ்பத்திரிக் குளிசை தொடங்கித்தான் நின்றது. அதற்குள் எத்தனை தடவை விழுந்திருப்பாள்.

"பிள்ளை வீட்டிலை விழேக்கை நீ என்ன செய்தனீ?"



"கார்த் திறப்பைக் கையுக்குள்ளை வைச்சனான்."

"உனக்கு ஆர் காட்டித் தந்தது, வேதன்?"

குசினிக்குள் தேங்காய் துருவும் சத்தம் நின்றிருந்தது. யோகாம்பாள் முற்றத்துக்கு இறங்கப் போனாள். பிறகு, நின்ற இடத்திலேயே நின்றாள். குரலையும் தாழ்த்தவில்லை.

"மயக்கம் எண்டு சொல்ல எனக்கு ஏலாது. அந்த மொழிபெயர்க்கிறவவை லைனிலை எடு, நான் கதைக்கிறன்."