வண்டியின் மூக்கு

இப்போதெல்லாம் யாரும் எதையும் திறந்து பார்ப்பதில்லை. வயரைச் சொருகுகிறார்கள், திரையைப் பார்க்கிறார்கள், ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். வண்டிக்கும் அதே வைத்தியம், மனுசருக்கும் அதே வைத்தியம். பட்டறைக்காரன் கம்ப்யூட்டரை மாட்டி, “ஆக்சிஜன் சென்சார் போச்சு” என்றான். கழட்டிக் கொடு என்றால், “துருவேறி ஒட்டிக்கிச்சு, மொத்தக் குழாயையும் மாத்தணும்” என்று கையை உதறிவிட்டான். ஆஸ்பத்திரியிலும் அதே கதைதான். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள்.

இப்படி முணுமுணுத்துக்கொண்டே கிழவர் காரின் பானெட்டுக்குள் தலையை விட்டு, ஸ்பேனரின் மேல் உடம்புப் பாரம் முழுவதையும் இறக்கினார். எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் இரும்புக் குழாயில் சென்சார் இம்மியும் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

அவர் தண்ணீர்க் குழாய் வேலைக்காரர். கார் ஓட்டத் தெரியாது. கார் மனைவியுடையது. வாடகைக்கு ஓட்டி மகளைப் படிக்க வைத்தவள் அவள். அவருடைய குழாய்களைக் கூரையில் கட்டி, அவரையும் பக்கத்தில் ஏற்றி, வேலை நடக்கிற இடமெல்லாம் கொண்டுபோய் விட்டவளும் அவள்தான். இப்போது முன்னறை ஜன்னலோரம் கட்டிலில் கிடக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே கைக்கெட்டும் தூரத்தில் கார் நிற்கிறது. இன்றைக்குத் தாண்டாது என்று டாக்டர் மகளிடம் தனியாகச் சொன்னதைக் கிழவர் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டார். அதையும் அவர் நம்பவில்லை.

“குழாய்க்காரரே.” ஜன்னல் வழியாகக் குரல் மெல்லியதாக வந்தது.

“என்ன?”

“மூச்சு வாங்குறது எனக்கா, உங்களுக்கா?”

“வேலை பாக்குறவன வம்புக்கு இழுக்காத.”

“குளிர்ந்து கிடக்கிற இரும்போட மல்லுக்கட்டினா அதுவா ஜெயிக்கும்? எண்ணெய் விட்டு ஊற வச்சாச்சுல்ல. இப்ப எஞ்சினை ஓட விடுங்க. குழாய் சூடாகி விரியட்டும். அப்புறம் அணைச்சிட்டு, மொதல்ல ஒரு பொட்டு இறுக்குங்க. அதுக்கப்புறம் திருப்புங்க.”

“கழட்டுறதுக்கு இறுக்கச் சொல்ற.”

“துருப்பிடிச்ச குழாய்ல நீங்க அதைத்தானே செய்வீங்க.”

“அது தண்ணிக் குழாய். இது வேற. குழாய்க்குள்ள என்னத்துக்கு இப்படி ஒரு சாமான்?”

“அது வண்டியோட மூக்கு. போற புகையை மோந்து பாத்து, பெட்ரோல் கூடவா குறைவான்னு சொல்லும். மூக்கு செத்துப்போச்சு, அதான் வண்டி கண்டபடி குடிச்சு நாறுது.”

“நாங்க போடுற சாக்கடைக் குழாய்க்கெல்லாம் மூக்கு வச்சா, அது ஊர விட்டே ஓடிடும்.”

உள்ளே அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலானது. இருமல் அடங்க வெகுநேரம் பிடித்தது. அதுவரை கிழவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

மகள் ஜன்னலுக்கு வந்தாள். “அப்பா, வண்டி எங்கயும் போகாது. உள்ள வந்து அம்மா பக்கத்துல கொஞ்சம் உக்காருங்க.”

“இது வரட்டும்.”

“அம்மாவுக்கு இப்ப வண்டியா முக்கியம்?”

“விடுடி,” என்றாள் அவள். “அவருக்குச் சும்மா உக்காரத் தெரியாது. வண்டி உனக்குன்னு சொல்லிட்டேன். நாத்தத்தோட உன் கையில கொடுக்கக் கூடாது. இது ஒண்ணுதான் பாக்கி. இந்த மூக்கக் கழட்டிப் புதுசு போட்டுட்டா, நிம்மதியாக் கண்ண மூடிடுவேன்.”

கிழவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். போய்ச் சாவியைத் திருகினார். எஞ்சின் ஓடியது. குழாயின் மேல் எண்ணெய் பொசுங்கி லேசாகப் புகைந்தது. போதும் என்று தோன்றியபோது அணைத்துவிட்டு, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஸ்பேனரைப் போட்டார். ஒரு பொட்டு இறுக்கினார். பிறகு திருப்பினார்.

கிரீச்சென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், பிடிவாதம் விட்டுப்போயிற்று. இன்னும் இரண்டு திருப்பு. அதற்கப்புறம் விரலுக்கே வந்துவிட்டது. கரி படிந்த அந்தச் சின்ன சாமான் துணிக்குள் சூடாகக் கிடந்தது. திருகு மரையில் ஒரு பிசிறு இல்லை.

வந்திருச்சு என்ற வார்த்தை அவர் வாய்வரை வந்தது. ஜன்னல் வழியே பார்த்தார். போர்வையின் மேல் அவளுடைய வலது கை, காற்றில் எதையோ பிடித்துத் திருப்புவதுபோல் மெதுவாக வளைந்துகொண்டிருந்தது. வந்த வார்த்தை அங்கேயே நின்றுவிட்டது.

டாக்டர் சொன்னதை நம்பாதவர், பட்டறைக்காரன் சொன்னதை நம்பாதவர், மழை வரும் என்று ரேடியோ சொன்னால் வேண்டுமென்றே குடையை விட்டுவிட்டுப் போகிறவர், அவள் சொன்ன அந்த ஒரு பேச்சை மட்டும் அப்படியே நம்பினார். பாக்கி இருக்கிறவரைக்கும் ஆள் இருப்பாள்.

சென்சாரைத் துணியோடு பிடித்து, இருந்த ஓட்டையிலேயே திரும்பத் திருகிவிட்டார்.

“வந்துச்சா?”

“அசையல.”

“மறுபடி சூடு பண்ணுங்க.”

பண்ணினார். அணைத்தார். ஸ்பேனரை வெறுமனே இரும்பில் தட்டிச் சத்தம் எழுப்பினார். பல்லைக் கடித்துக்கொண்டு முக்கினார். முக்கியது கொஞ்சம் அதிகப்படி என்று அவருக்கே பட்டது.

“இப்ப?”

“ம்ஹூம். உன் வண்டிக்கு உன் குணம்.”

“நல்ல குணம்தான். மறுபடி ஓட்டுங்க.”

ஓட்டினார். எஞ்சின் கொஞ்சநேரம்கூட ஓடியிருக்காது.

“அணைங்க,” என்றாள்.

“இன்னும் சூடாகல.”

“அணைச்சிட்டு உள்ள வாங்க.”

போனார். மகளை வெந்நீர் கொண்டுவரச் சொல்லி அடுப்படிக்கு அனுப்பிவிட்டிருந்தாள். கிழவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கட்டில் காலருகே நின்றார்.

“எப்ப கழண்டுச்சு?”

“எது?”

“மொத தடவை ஓட்டினப்ப சத்தம் அடக்கமா இருந்துச்சு. அதுக்கப்புறம் ரெண்டு தடவையும் டிக்கு டிக்குன்னு புகை கசியுது. கையால திருகி விட்டிருக்கீங்க. ஸ்பேனர் படல.” மூச்சுக்கு நிறுத்தினாள். “குழாய்க்காரர் இப்படிக் கசிய விடலாமா?”

அவர் சுவரைப் பார்த்தார். சுவரில் ஒன்றும் இல்லை. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் என்ன படித்தாளோ, அவள் பார்வை இளகியது.

“சரி,” என்றாள். “புதுசை நாளைக்குப் போட்டுக்கலாம். மரைக்கு மட்டும் பசை தடவணும், நுனியில படக்கூடாது. எப்படின்னு நாளைக்குச் சொல்றேன்.”

“நாளைக்கே போடலாம். என்ன அவசரம்.”

“உக்காருங்க.”

உட்கார்ந்தார்.

“கையக் குடுங்க.”

“எண்ணெய்.”

“நான் பாக்காத எண்ணெயா.”

கொடுத்தார். மகள் வெந்நீரை வைத்துவிட்டு மறுபக்கம் வந்து உட்கார்ந்தாள். தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் ஒரு மூச்சு விடுவாள், இடைவெளி, இன்னொன்று விடுவாள். இடைவெளி நீண்டுகொண்டே போனது. வெயில் கட்டிலை விட்டு இறங்கித் தரைக்குப் போன சமயம், ஒரு இடைவெளிக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. மகள் குலுங்கி அழ ஆரம்பித்தாள். கிழவர் அடுத்த மூச்சுக்காக அப்படியே உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் வந்தார். சின்ன வயசு. கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பையிலிருந்து ஒரு சின்னக் கவ்வியை எடுத்து அவள் விரலில் மாட்டினார். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டுகிற சாமான். அதில் எண் வரவில்லை, வெறும் கோடுதான் வந்தது.

“போயிட்டாங்க ஐயா.”

“வேற விரல்ல மாட்டுங்க.”

டாக்டர் மகளைப் பார்த்தார். மறுபேச்சுப் பேசாமல் வேறு விரலில் மாட்டினார். அதிலும் கோடுதான். கிழவர் கையை நீட்டி அந்தக் கவ்வியைக் கழற்றித் தன்னுடைய கறுத்த விரலில் மாட்டிக்கொண்டு பார்த்தார். சிவப்பாக எண் எரிந்தது.

“உங்களுக்கு நல்லா இருக்குங்க ஐயா,” என்றார் டாக்டர், தணிந்த குரலில்.

“அழுக்கு விரல்ல காட்டுது. சுத்தமான விரல்ல காட்டல. என்ன மிஷினோ.”

அதைக் கழற்றி டாக்டரின் உள்ளங்கையில் வைத்தார். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். பிறகு எழுந்து, அறைக் கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு வெளியே காரை நோக்கி நடந்தார்.