சராசரியின் தோள்

ராணுவம் சராசரியின் வயதை இருபத்து மூன்றில் நிறுத்தி வைத்தபோது அவன் மகள் தொட்டிலில் இருந்தாள். பழைய ரைஃபிளை மாற்றுவது என்று முடிவாகியிருந்தது. புதியது யார் தோளுக்குப் பொருந்த வேண்டும் என்ற கேள்வி வந்தது. பட்டாளம் முழுவதையும் நிற்க வைத்து உயரம், கை நீளம், தோள் அகலம், விரல் தடிமன் எல்லாவற்றையும் அளந்து, கூட்டி, வகுத்தார்கள். கிடைத்த விடைக்கு மயிரிழையும் பிசகாத ஒருவன் சமையற்கூடத்தில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். அவனைச் சுடுதளத்துக்கு மாற்றினார்கள். அவனுக்கு ஒரு பெயர் இருந்தது. அதற்குப் பிறகு அதை யாரும் பயன்படுத்தவில்லை, சராசரி என்றே கூப்பிட்டார்கள். தேர்வு முடியும்வரை சராசரியின் அளவுகள் மாறக் கூடாது என்று கமிட்டி தீர்மானம் போட்டது. உடம்பு கீழ்ப்படிந்தது. அந்தக் கமிட்டி போட்ட தீர்மானங்களில் நிறைவேறியது அது ஒன்றுதான்.

முதலில் வந்த ரைஃபிளே நன்றாக இருந்தது. சேற்றில் புதைத்தார்கள், மணலைக் கொட்டினார்கள், மாடியிலிருந்து போட்டார்கள். எடுத்துச் சுட்டால் சுட்டது. அதனாலேயே கமிட்டிக்குச் சந்தேகம் வந்தது. குண்டு பட்டால் ஆள் பின்னால் பறந்து விழ வேண்டும் என்றார் தலைவர். அவர் போருக்குப் போனதில்லை. குதிரைமேலிருந்து குத்த வசதியாக முனையில் நீளமான கத்தி வேண்டும் என்றார் ஒரு உறுப்பினர். ராணுவத்தின் கடைசிக் குதிரையை அவருடைய அப்பா காலத்திலேயே விற்றுவிட்டிருந்தார்கள். வேகமாகச் சுட்டால் சிப்பாய்கள் தோட்டாவை வீணடிப்பார்கள், மெதுவாகச் சுடுவதுதான் ஒழுக்கம் என்றார் கணக்கு அதிகாரி. ஆகவே எடை குறைவாகவும் குண்டு பெரிதாகவும், கத்தி நீளமாகவும் துப்பாக்கி குட்டையாகவும், அவசரத்தில் நிதானமாகவும் சுடும் ஒரு ரைஃபிளைக் கேட்டுக் கம்பெனிகளுக்கு எழுதினார்கள். கம்பெனிகள் செய்து அனுப்பின. சராசரி ஒவ்வொன்றையும் தோளில் வைத்துச் சுட்டான். தலைவர் ஓய்வு பெற்று, அவர் நாற்காலிக்கு அவருடைய மருமகன் வந்தார். மருமகனுக்கு மாமனாரைப் பிடிக்காது. அதனால் சின்ன குண்டுதான் நவீனம் என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். எல்லையில் சிப்பாய்கள் பழைய ரைஃபிளையே வைத்திருந்தார்கள். மழை நாளில் அது சுடாது. மழை நாளில் சண்டைக்கு வராதவர்கள் என்று எதிரியைப் பற்றி ஒரு நம்பிக்கை மேலிடத்தில் இருந்தது.

சராசரிக்கு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போக அனுமதி. முதல் சில வருஷம் மனைவி அவனுக்கு மூன்று ஆள் சாப்பாடு போட்டாள். இரண்டு கிலோ ஏறினால்கூட அளவு கெட்டு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தாள். அவன் எல்லாவற்றையும் சாப்பிட்டான். ஒரு பொத்தான்கூட இறுகவில்லை. காய்கறிக்காரர் அவளை முதலில் அவன் மனைவி என்றார், பிறகு அவன் அக்கா என்றார், பிறகு அவன் அம்மா என்றார். மகள் வயதில் அவனை எட்டிப் பிடித்து, ஒரு வருஷம் இரட்டையர் போலத் தெரிந்து, தாண்டிப் போனாள். மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அத்தை அவனைக் காட்டி, தம்பிக்கு எங்கேயாவது பெண் பார்த்திருக்கிறீர்களா என்று விசாரித்தாள்.

“பாத்தாச்சு,” என்றாள் மனைவி. “எங்கிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கிறாரு.”

அத்தை சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. மறுநாள் கமிட்டி அலுவலகத்துக்குப் போனாள். மருமகன் தலைவர் எழுந்து நின்று வணங்கினார்.

“உக்காருங்கம்மா. உங்க பையன் நாட்டுக்குச் செய்யுற சேவை இருக்கே...”

“பையன் இல்ல. புருஷன்.”

“ஓ. டீ சாப்பிடுறீங்களா?”

“எப்ப அனுப்புவீங்க?”

“இன்னும் ரெண்டே மாசம்.”

“உங்க மாமனாரும் இதேதான் சொன்னாரு. அப்ப எனக்கு ஒரு முடி நரைக்கல.”

“அவரு சொன்னது பெரிய குண்டுக்கும்மா. இது சின்ன குண்டு.”

“நாளைக்கு நான் போய்ச் சேந்தா, பக்கத்துல உக்காந்து பேரன் அழுவுறான்னு சொல்லுவாங்க. அதுக்குள்ள ஏதாவது ஒரு குண்டப் பாத்து முடிச்சு விடுங்க.”

அவர் இதைக் கமிட்டியின் பார்வைக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார். கொண்டுபோகவில்லை.

போர் வந்தது. எதிரி மழையில் வந்தான். சிப்பாய்கள் பழைய ரைஃபிள்களை வயலில் வீசிவிட்டு, செத்துக் கிடந்த எதிரிகளின் ரைஃபிள்களை எடுத்துச் சுட்டார்கள். மாதக் கடைசியில் மொத்தப் பட்டாளத்தின் கையிலும் எதிரியின் ரைஃபிள் இருந்தது. அமைச்சர் பத்திரிகையில் படத்தைப் பார்த்து, அழகாக இருக்கிறதே, இதையே வாங்கலாம் என்றார். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் கையெழுத்தானது. சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே எதிரி நியாயமான விலைக்கு விற்றான், சொன்ன தேதிக்கு அனுப்பினான், துடைக்க எண்ணெயும் சேர்த்துக் கொடுத்தான். நெடுநாள் ஆராய்ச்சிக்குப் பிறகு தானும் இந்த முடிவுக்குத்தான் வரவிருந்ததாகக் கமிட்டி அறிக்கை விட்டது. உறுப்பினர்களுக்குப் பதக்கம் குத்தினார்கள். கமிட்டி கலைந்தது. அதோடு தீர்மானமும் காலாவதியானது. சராசரிக்குச் சுடுதளத்தின் வாசலில் ஒரு கும்பிடு கிடைத்தது.

வாசலில் மனைவி நின்றிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஆள் சேர்க்கும் அதிகாரியும் நின்றிருந்தார். எல்லையில் இளைஞர்கள் தீர்ந்துகொண்டிருந்தார்கள். கை கால் நன்றாக இருந்த ஒரு இருபத்து மூன்று வயதுக்காரன் நடந்து வருவதை அவர் பார்த்தார். தோளில் கை போட்டு லாரிப் பக்கம் திருப்பினார்.

“சார், இவரு என் புருஷன். அம்பத்தாறு வயசு.”

“ஏம்மா, பிள்ளையக் காப்பாத்தணும்னா நம்புற மாதிரி ஒரு பொய் சொல்லக் கூடாதா?”

அவள் லாரியைப் பிடித்துக்கொண்டாள். கையை எடுத்துவிட்டார்கள். பின்னாலேயே பஸ் பிடித்து முகாமுக்குப் போய், கம்பி வேலிக்கு வெளியே நின்றாள். உள்ளே வரிசை நகர்ந்தது. ஆளுக்கொரு ரைஃபிளைத் தோளில் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். எதிரி நாட்டில் கை நீளமானவர்கள். இங்கேயும் பின்னால் பிறந்தவர்கள் அவனைவிட உயரமாக வளர்ந்திருந்தார்கள், அவர்களுக்குப் பொருந்தியது. சராசரி வைத்தபோது ரைஃபிளின் பின்கட்டை தோளைத் தாண்டிக் கக்கத்தில் இறங்கியது. விரல் விசைக்கு எட்டவில்லை. டாக்டர் இன்னொரு ரைஃபிள் கொடுத்துப் பார்த்தார். அதுவும் எட்டவில்லை. ராணுவ அளவுக்குப் புறம்பான உடம்பு, எந்தக் காலத்திலும் லாயக்கில்லை என்று எழுதி வெளியே அனுப்பினார்.

“என்ன சொன்னாங்க?” என்றாள் மனைவி.

“தோள் சரியில்லையாம்.”

“இத்தன வருஷமா அந்தத் தோள வெச்சுத்தானே அளந்தானுங்க?”

“அது வேற ரைஃபிள்.”

பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தார்கள். மறுநாள் காலையில், முப்பத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, அவன் முகத்தில் லேசாகத் தாடி அரும்பியிருந்தது. அவன் கண்ணாடி முன்னால் நின்று பழைய சவரக் கத்தியைத் தேடினான். கிடைக்கவில்லை. அவன் எழுவதற்கு முன்பே அவள் அதை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தாள். நல்ல தாடி இருந்தால் முப்பது மதிப்பிடலாம் என்பது அவள் கணக்கு.